தெரிந்த முகம் இல்லாத மேசை: பொதுப் படிப்பறைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

வீட்டில் படிக்க முடியவில்லை, அதனால் நூலகத்தின் வாசிப்பு அறைக்கோ கல்லூரிப் படிப்புக் கூடத்துக்கோ விடுதியின் பொது அறைக்கோ போய்ப் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பலருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: அங்கேயும் படிக்க முடியவில்லை. நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்போம், எழும்போது பார்த்தால் மூன்று பக்கம் நகர்ந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அறையைத் திட்டினேன், சத்தத்தைத் திட்டினேன், நாற்காலியைக்கூட விடவில்லை. ஒரு மாதம் போனபிறகுதான் உறைத்தது, அந்த நான்கு மணி நேரமும் என் பக்கத்து நாற்காலியில் என் நெருங்கிய நண்பன் உட்கார்ந்திருந்தான்.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொது அறையில் நம் படிப்பைக் கெடுக்கிறவர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். முன்பின் தெரியாதவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாலேயே நமக்கு உதவுகிறார்கள். கீழே வரும் யோசனைகளில் பாதி இதிலிருந்து வந்தவை.

முதலில், என்ன வேலையோடு போகிறீர்கள் என்று பாருங்கள்

எல்லாப் படிப்பும் பொது அறைக்கு ஒத்துவராது. 1898-இல் நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலாளர் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து, தனியாக ஓட்டுகிறவரைவிட மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டுகிறவர் வேகமாகப் போகிறார் என்று எழுதினார். ஆனால் பின்னால் வந்த சோதனைகளில் சில நேரம் கூட்டம் உதவியது, சில நேரம் கெடுத்தது, ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1965-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற இன்னோர் உளவியலாளர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: கை பழகிய வேலையைச் செய்யும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் வேலை வேகம் பிடிக்கும், புதிதாகக் கற்கிற வேலையென்றால் அதே ஆளால் தடுமாறும். இதைக் கரப்பான்பூச்சிகளை வைத்துக்கூடச் சோதித்தார்கள் (1969). மற்ற கரப்பான்பூச்சிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேர்ப்பாதையில் வேகமாக ஓடியவை, வளைந்து திரும்ப வேண்டிய பாதையில் மெதுவாகிவிட்டன. பரீட்சைக் காலத்தில் என்னைப் பற்றி எழுதிய மாதிரியே இருந்தது.

சரி, இதை வைத்து என்ன செய்வது? கணக்குப் போட்டுப் பழகுவது, பழைய வினாத்தாள் எழுதிப் பார்ப்பது, குறிப்பெடுப்பது, ஒருமுறை படித்ததைத் திருப்பிப் பார்ப்பது, வரைபடம் போட்டுப் பழகுவது, இதெல்லாம் பொது அறைக்கு. இதுவரை தொட்டே பார்க்காத கடினமான பாடத்தின் முதல் வாசிப்பு தனிமையில் நடக்கட்டும், தனிமைக்கு வழியே இல்லையென்றால் அறை திறந்தவுடன் ஆள் வருவதற்கு முந்தைய நேரத்தில். புதுப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு நெரிசலான நேரத்தில் போய் உட்கார்ந்துவிட்டு "எனக்குக் கவனமே இல்லை" என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

கிளம்பும் முன் ஒரு துண்டுத் தாள்

ஒரே ஒரு துண்டுத் தாள் போதும். அதில் இன்றைக்கு முடிக்கப்போவதை எழுதுங்கள். "வேதியியல் படிக்கணும்" என்று எழுதினால் அது ஆசை. "மூன்றாம் பாடம், பின்பக்கக் கேள்விகள் 1 முதல் 12 வரை, புத்தகத்தைப் பார்க்காமல்" என்று எழுதினால் அது வேலை, முடிந்ததா இல்லையா என்று அடித்துவிட்டுப் போகலாம். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பத்து வரி எழுதுகிற நாளில் நான் இரண்டுகூட முடித்ததில்லை.

புத்தகங்களும் அந்தத் தாளில் உள்ளவைக்கு மட்டும். ஐந்து பாடப் புத்தகமும் பையில் இருந்தால், ஒன்று கசக்க ஆரம்பித்தவுடன் கை அடுத்ததற்குப் போகும். அப்புறம், தண்ணீர் பாட்டில், சார்ஜர், ஒரு மேல்சட்டை. சிரிக்காதீர்கள், குளிரூட்டிய அறையில் எழுந்து போகிறவர்களில் பலர் படிப்பு முடிந்து போவதில்லை, குளிர் தாங்காமல் போகிறார்கள்.

எந்த நாற்காலி

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், தவறில்லை. உள்ளே போனதும் காலியாக இருக்கிற முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கதவு எங்கே, கழிப்பறைக்குப் போகிற வழி எது, அச்சு இயந்திரம் எங்கே, அலுவலர் மேசை எங்கே. இந்த நான்கையும் இணைக்கிற பாதைதான் அறையின் நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில் உட்கார்ந்தால் போகிற வருகிற ஒவ்வொருவரையும் கண் தானாக நிமிர்ந்து பார்க்கும், அதை நாம் தடுக்க முடியாது.

அதைவிட முக்கியமானது முன்னால் என்ன தெரிகிறது என்பது. 2013-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலைகள் பார்த்த மாணவர்களுக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது, அதில் ஆச்சரியமில்லை. ஆனால் லேப்டாப்பைத் தொடவே தொடாமல், அப்படிப்பட்ட திரைகள் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஏறத்தாழ 17 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. அடுத்தவன் திரையில் ஓடுகிற விளையாட்டின் விலையை நாம் கொடுக்கிறோம். எனவே வரிசையாக மேசைகள் இருக்கும் அறையில் முன்வரிசை, அல்லது சுவரைப் பார்த்த மேசை. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் சிலருக்குக் கூசும், அவர்கள் ஒரு மூலையைப் பிடித்துப் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்து உட்காரலாம். ஜன்னலோரம் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஜன்னலுக்கு வெளியே சாலை இருந்தால் வேண்டாம், மரமோ வெறும் சுவரோ இருந்தால் நல்லது.

விளக்கு பற்றி ஒரு வரி: வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இடது கைக்காரருக்கு நேர்மாறு, இல்லாவிட்டால் எழுதுகிற இடத்திலேயே கையின் நிழல் விழும். பிளக் பாயின்ட் இருக்கிறதே என்பதற்காக மோசமான நாற்காலியைப் பிடிப்பவர்கள் நிறைய. வீட்டிலேயே முழுதாக சார்ஜ் போட்டுக்கொண்டு போனால் அறையில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

காதுக்கு என்ன செய்வது

மின்விசிறிச் சத்தமும் குளிர்சாதனத்தின் இரைச்சலும் நம்மை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. கெடுப்பது பேச்சு. மெதுவான பேச்சும்தான், புரியாத மொழிப் பேச்சும்தான். 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் ஆங்கிலம் பேசுகிறவர்களை எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னணியில் ஜெர்மன் மொழி வாசிப்பை ஒலிக்கவிட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாதவர்களும் தடுமாறினார்கள். 2010-இல் வந்த இன்னோர் ஆய்வு தொலைபேசிப் பேச்சைப் பற்றியது. இரண்டு பேர் எதிரெதிரே பேசுவதைவிட, ஒரு பக்கப் பேச்சு மட்டும் காதில் விழுவது கவனத்தை அதிகம் இழுக்கிறதாம். மறுபக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. வராந்தாவில் ஒருத்தர் "ம்... ம்... அப்படியா... எப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், நாம் புத்தகத்தை மூடிவிட்டு அந்த "எப்போ"வுக்குப் பதில் தேடிக்கொண்டிருப்போம்.

ஆகவே வராந்தாவையும் மாடிப்படியையும் ஒட்டிய மேசைகளைத் தவிருங்கள். அடுத்தது காது அடைப்பான். பஞ்சு போல இருக்கும் மலிவான ஃபோம் அடைப்பானே போதும், ஆனால் அதைப் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறார்கள். விரல்களால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காது மடலை மேல்நோக்கிப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும்வரை இருபது முப்பது நொடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா வாசலில் ஒட்டவைத்தால் ஒன்றும் நடக்காது.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது தாழ்ந்த, ஒரே சீரான ஒலியை நன்றாக அடக்கும், அதாவது விமான இரைச்சல், விசிறி, குளிர்சாதனம். மனிதக் குரல் ஓரளவு கசிந்து வரும். அதற்கு மேல் மழைச் சத்தம் மாதிரி ஏதாவது சீரான ஒலியை மெதுவாக ஓடவிட்டால் குரலை மூடும். பாட்டு? வரிகள் உள்ள பாட்டைக் கேட்டுக்கொண்டே படிப்பது, பக்கத்தில் ஒருவரைப் பேசவிட்டுப் படிப்பது மாதிரிதான், நாமே காசு கொடுத்து வரவழைத்த பேச்சு. கணக்குப் போடும்போது சிலருக்கு ஒத்துவரலாம், வாசிப்புக்கு வேண்டாம். இன்னொன்று, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு கை தூரத்தில் பாட்டு கேட்டால் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்கிறது என்று பொருள்.

போன்

நீங்களே ஊகித்திருப்பீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன். 2017-இல் வந்த ஓர் ஆய்வு, போன் அணைந்து கிடந்தாலும் மேசைமேல் இருந்தாலே சிந்தனைத் திறன் குறைகிறது, வேறு அறையில் இருந்தால் அப்படி இல்லை என்றது. பிறகு வேறு சிலர் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை, ஆகவே அதை வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை. ஆனால் போன் மேசையில் இருந்தால் கை போகும், அதற்கு ஆய்வு எதற்கு? அமைதி நிலையில், பையின் அடியில், ஜிப் போட்டு. அகராதிக்கும் கால்குலேட்டருக்கும் போன்தான் என்கிறவர்கள் தேட வேண்டிய சொற்களை எல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு இடைவேளையில் மொத்தமாகத் தேடுங்கள். அதிர்வு நிலையில் மேசைமேல் மட்டும் வைக்காதீர்கள், மரப்பலகையில் அது மணியைவிட மோசமாக உறுமும்.

கடிகாரம்

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் கொஞ்சம் நீண்ட ஓய்வு என்ற முறை எல்லாருக்கும் தெரியும். 1980-களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து ஆரம்பித்தது, அதனால் இத்தாலிய மொழியில் தக்காளியைக் குறிக்கும் பொமொடோரோ என்ற சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது. ஆரம்பிக்கவே மனம் வராத நாளில் இது அற்புதம். ஆனால் பொது அறையில் எனக்கு 25 போதவில்லை. நாற்காலியை இழுத்து, நெரிசலில் நெளிந்து வெளியே போய், திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி பிடிமானம் வருவதற்கே பத்து நிமிடம் போய்விடும். 50-க்கு 10 என்று வைத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டையும் ஒரு வாரம் செய்து பார்த்து முடிவு செய்யுங்கள். டைமருக்குக் கைக்கடிகாரம் நல்லது, ஓசை எழுப்பாதது.

எழுந்து போகும் முன் ஒரு சின்ன வேலை, இதை மட்டும் விடவே கூடாது. எங்கே நிறுத்தினேன், வந்ததும் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுங்கள். "7-ஆம் கணக்கு, இரண்டாம் சமன்பாட்டில் x-ஐ நீக்கணும்" என்கிற மாதிரி. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஆராய்ந்து எழுதினார், பிறகு இப்படி ஒரு வரி குறித்துவைப்பது அந்த ஒட்டலைக் குறைக்கிறது என்றும் காட்டினார். திரும்பி வந்து "எங்கே விட்டேன்" என்று பக்கம் புரட்டுகிற ஐந்து நிமிடம் மிச்சமாகிறது.

ஓய்வு என்றால் அறையை விட்டு வெளியே. ஆள் நிறைந்த மூடிய அறையில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு, நெரிசலான அறையில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். பிற்பகலில் அறை முழுக்க மந்தம் பரவுவதற்குப் பாடம் மட்டுமே காரணமாக இருக்காது.

நண்பர்கள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்நியர் நம்மைக் கூப்பிட மாட்டார். நண்பன்தான் "டேய், ஒரு நிமிஷம்" என்பான், அந்த ஒரு நிமிடம் இருபது நிமிடம் ஆகும், அவனும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, நாமும் பாதி நேரம் அதற்காகவே காத்துக்கொண்டிருப்போம். என் மேசையில் நடந்ததை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அவன் என்னைக் கூப்பிட்டது ஐந்து தடவை, நான் அவனைக் கூப்பிட்டது ஏழு தடவை.

ஒன்றாகப் போவதில் தப்பில்லை. ஒன்றாகக் கிளம்புவது நல்லதுகூட, ஒருவர் சோம்பினால் மற்றவர் இழுத்துப்போவார். ஆனால் உள்ளே போனதும் பிரிந்து உட்காருங்கள், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாத தூரத்தில். சேர்ந்து படிக்க வேண்டியது இருந்தால் அதற்குத் தனி நேரம், தனி இடம்: கடைசி அரை மணி நேரம், வெளியே அல்லது பேச அனுமதி உள்ள அறையில். அதுவரை வரும் சந்தேகங்களைத் துண்டுத் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். பாதிச் சந்தேகம் நீங்கள் எழுதும்போதே தீர்ந்துவிடும், மீதிக்கு நண்பன் இருக்கிறான்.

இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும், அறைக்குள் வைத்து முகத்தைச் சுளித்தால் மனத்தாங்கல்தான் வரும். எனக்கு வேலை செய்த வாக்கியம் இது: "ஆறு மணி வரைக்கும் நான் யாரோ, நீ யாரோ. ஆறுக்கு வாசல்ல பார்க்கலாம்." சிரித்துக்கொண்டே சொன்னேன், அவனும் சிரித்தான், ஆனால் அப்படியே நடந்தது.

எதிர்பாராமல் வந்து நிற்கும் தெரிந்தவர்களுக்கும் பதிலை முன்பே தயார் செய்துவைத்துக்கொள்ளுங்கள். இப்படி நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் பொத்தாம்பொதுவாக உறுதி எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம். "யாராவது வந்து பேசினால், புத்தகத்தை மூடாமல், விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு, இடைவேளைக்கு இன்னும் இத்தனை நிமிடம் இருக்கிறது, நானே வருகிறேன் என்பேன்." விரல் வரியில் இருக்கும்வரை வந்தவரும் உட்கார மாட்டார், அனுபவத்தில் சொல்கிறேன்.

வாய்விட்டுப் படிக்கிறவர்கள்

சின்ன வயதிலிருந்து சத்தமாகப் படித்தே பழகியவர்களுக்குப் பொது அறை வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். சத்தமாகப் படிப்பது நினைவுக்கு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. அறையில் அதற்கு மாற்று, உதடு மட்டும் அசைப்பது, அல்லது எழுதுவது. இரண்டும் ஓரளவு அதே பலனைத் தரும். அதைவிடப் பலமான வழி ஒன்று உண்டு: ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனையில், ஒரு பகுதியை இரண்டு தடவை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டு ஒரு தடவை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம். ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், அதனால்தான் திரும்பத் திரும்பப் படிப்பது அப்போதைக்கு நன்றாகப் படித்த மாதிரி தோன்றுகிறது. சத்தமே வராத வேலை இது, தூக்கமும் வராது.

பக்கத்தில் இருக்கிறவர்களோடு

நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். பேனாவின் பொத்தானை அழுத்தி விளையாடாதீர்கள், அது செய்கிறவருக்குத் தெரியவே தெரியாது, எதிரில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். ஒரு பையை வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் காணாமல் போவது அநியாயம், பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் இடத்தை விட்டுவிடலாம். எழுந்து போகும்போது லேப்டாப் திரையைப் பூட்டுங்கள், போனும் பர்ஸும் கையோடு வரட்டும். அறை எவ்வளவு நல்ல அறையாக இருந்தாலும் சரி.

யாராவது பேசித் தொந்தரவு செய்தால்? முறைத்துப் பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை, உங்கள் பத்து நிமிடம்தான் போகும். போய்ப் பக்கத்தில் நின்று மெதுவாக, "கொஞ்சம் மெதுவா பேச முடியுமாங்க, எனக்குப் பரீட்சை நெருங்குது" என்று ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போவார்கள், அவர்களுக்குத் தாங்கள் சத்தம் போடுவதே தெரிந்திருக்காது. கேட்கவில்லையா, இரண்டாம் தடவை நீங்கள் போகாதீர்கள், அலுவலரிடம் சொல்லுங்கள் அல்லது இடம் மாறுங்கள். நியாயம் யார் பக்கம் என்று நிரூபிக்கிற இடம் அது இல்லை.

கிளம்பும்போது

மூளை ஓடாத நிலைக்கு வந்தபிறகும் உட்கார்ந்திருப்பது வீம்பு. ஒரே வரியை மூன்றாவது தடவை படிக்கிறீர்கள் என்றால் எழுந்துவிடலாம். ஆனால் துண்டுத் தாளை எடுத்து முடிந்ததை அடித்துவிட்டு, முடியாததில் ஒன்றை நாளைக்கான தாளின் முதல் வரியாக எழுதிவிட்டு எழுங்கள். நாளை வந்து உட்கார்ந்தவுடன் எதில் ஆரம்பிக்கலாம் என்று யோசிக்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் போன் வெளியே வருகிறது.

அழிப்பான் துகள்களைத் துடைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து ஒருமுறை பாருங்கள். சார்ஜர் இன்னும் பிளக்கிலேயே இருக்கும்.